பூந்தொட்டியில் விதைத்துக் கொள்!

புரட்சி ஜெயித்த பிறகும் மெக்ஸிகோ விவசாயி ஏன் போராடிக் கொண்டே இருந்தார்?

1910-ம் வருஷம். மெக்ஸிகோ நாட்டில் மொரேலோஸ் என்ற மாநிலம். அதில் அனெனெகுயில்கோ என்று ஒரு கிராமம். (பெயர் வாயில் நுழையவில்லையா? கவலை வேண்டாம், நாலு தடவை வந்தால் பழகிவிடும்!) மழை ஆரம்பிக்கிற நேரம். ஊருக்குப் பாத்தியப்பட்ட நிலத்தைப் பக்கத்துக் கரும்புப் பண்ணை வளைத்துப் போட்டு, வேற்றூர்க்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது. நிலம் யாருடையது என்கிற வழக்கு நிதானமாக நடக்கட்டும், இப்போது விதைக்காவிட்டால் வருஷம் பூராவும் பட்டினி, கேட்கிற குத்தகையைக் கொடுத்து விடுகிறோம், விதைக்க மட்டும் விடுங்கள் என்று ஊரார் கவர்னருக்கு மனு எழுதிக் கெஞ்சினார்கள்.

பண்ணை நிர்வாகியிடமிருந்து பதில் வந்தது. அனெனெகுயில்கோகாரர்களுக்கு விதைக்க ஆசையாக இருந்தால் பூந்தொட்டியில் விதைத்துக் கொள்ளட்டும்!

ஊர்த் தலைவருக்கு வயது முப்பது. குதிரை பழக்குவதில் கில்லாடி. பெரிய மீசை, அகலத் தொப்பி. அவர் பதிலுக்குக் கடிதம் எழுதவில்லை. துப்பாக்கியோடு எண்பது பேரைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனார். அங்கே உழுதுகொண்டிருந்தவர்களிடம், உங்கள் மேல் எங்களுக்கு விரோதம் இல்லை, ஆனால் நிலம் எங்களுடையது என்று சொன்னார். அவர்கள் ஏர்களைக் கட்டிக்கொண்டு கிளம்பி விட்டார்கள். தன் ஊர்க்காரர்களுக்கு அங்கேயே நிலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார்.

அவர் பெயர் எமிலியானோ ஸபாட்டா.

நம்ம ஊர் சினிமாவாக இருந்தால் இதற்கப்புறம் நாலு சண்டை, வில்லன் சாவு, ‘சுபம்’ என்று முடிந்துவிடும். மெக்ஸிகோவிலும் புரட்சி வந்தது, ஜெயித்தது. நிலம் மக்களுக்கே என்று அரசியல் சட்டத்திலும் எழுதியாகிவிட்டது. ஆனால் விவசாயியின் கதை ‘சுபம்’ போட்ட பிறகுதான் சூடு பிடித்தது!

*

அளந்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு!

புரட்சிக்கு முன்னால் நிலம் எப்படிப் பறிபோனது என்று முதலில் பார்த்து விடலாம். ஆச்சரியம் என்னவென்றால், பெரும்பாலும் சட்டப்படிதான் பறிபோனது.

1856-ல் ஒரு சட்டம் வந்தது. சர்ச்சுகளும் கிராமங்களும் பொதுவில் நிலம் வைத்திருக்கக் கூடாது, தனித்தனி ஆட்கள் பெயருக்கு மாற்ற வேண்டும் என்றது. ஒவ்வொரு குடியானவரும் சின்ன நிலச் சொந்தக்காரர் ஆகிவிடுவார் என்று நல்லெண்ணம்தான். நடந்தது வேறு. தனி ஆள் பெயருக்கு வந்த நிலம் ஒரு கல்யாணத்திலோ, ஒரு பஞ்சத்திலோ கைமாறிப் போயிற்று.

அடுத்து வந்தவர் போர்ஃபிரியோ டியாஸ். 1876-லிருந்து 1911 வரை, நடுவில் நாலு வருஷம் நீங்கலாக, நாற்காலியை விடாத ஜனாதிபதி. இவர் காலத்தில் சர்வே கம்பெனிகள் புறப்பட்டன. பத்திரம் இல்லாத நிலத்தையெல்லாம் புறம்போக்கு என்று அளந்து சொன்னால், அதில் மூன்றில் ஒரு பங்கு கம்பெனிக்கே கூலி! அளக்கிறவனுக்கு நிலத்திலேயே கூலி என்றால் அவன் எப்படி அளப்பான் என்று சொல்லவும் வேண்டுமா? தலைமுறை தலைமுறையாக உழுதவர்களிடம் ‘காகிதம் எங்கே?’ என்று கேட்டார்கள். காகிதம் இல்லை. நிலம் போச்சு.

இப்படித்தான் ‘ஹசியெண்டா’ என்கிற மகா பண்ணைகள் ஊதிப் பெருத்தன. வடக்கே சிவாவா மாநிலத்தில் டெர்ரஸாஸ் என்ற ஒரே குடும்பத்திடம் பல லட்சம் ஏக்கர் இருந்தது. பண்ணைக்குள்ளேயே முதலாளியின் கடை. கூலியைக் காசாகத் தராமல் கடையில் கணக்கு எழுதிக் கொள்வார்கள். சோளமாவு, துணி, சாராயம் எல்லாம் அங்கேதான். மாசக் கடைசியில் பேரேட்டைப் புரட்டினால் கூலி வரவைவிடக் கடன் பற்று ஜாஸ்தியாக இருக்கும். அப்பா செத்தால் கடன் பிள்ளை தலையில். நிலத்தைப் பிடுங்க ஒரு காகிதம், ஆளைப் பிடித்து வைக்க ஒரு காகிதம்!

*

பெட்டிக்குள் இருந்த பொக்கிஷம்

அனெனெகுயில்கோகாரர்கள் இதில் கொஞ்சம் உஷார். அவர்களிடம் காகிதம் இருந்தது. ஸ்பெயின்காரர்கள் ஆண்ட காலத்திலிருந்து சேர்ந்த பத்திரங்களும் வரைபடங்களும் ஒரு பெட்டியில் ஊர்த் தலைவர் பொறுப்பில் இருந்து வந்தன.

1909 செப்டம்பரில் பழைய தலைவர், வயசாகிவிட்டது, வேறு ஆளைப் பாருங்கள் என்று ஊர்க்கூட்டம் போட்டார். பண்ணைக் கங்காணிகளுக்குத் தெரியக்கூடாதே என்று கோயில் மணி அடிக்காமல், காதோடு காதாகச் சொல்லிக் கூட்டிய கூட்டம் அது. ஸபாட்டாவைத் தேர்ந்தெடுத்து, பெட்டியை அவர் கையில் கொடுத்தார்கள். அவரும், ஊர்ச் செயலாளர் ஃபிரான்சிஸ்கோ ஃபிராங்கோவும் நாள் கணக்கில் உட்கார்ந்து அந்தக் காகிதங்களைப் படித்தார்கள். சிலது பழைய நஹுவாட்ல் மொழியில் இருந்தது. அதைப் படித்துச் சொல்லப் பக்கத்து ஊர்ப் பாதிரியாரைத் தேடிப் பிடித்தார்கள். பிற்பாடு சண்டை முற்றியபோது ஸபாட்டா பெட்டியை ஃபிராங்கோவிடம் ஒப்படைத்தார். அந்தப் பெட்டியை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வரும்.

1910 நவம்பர் 20. டியாஸுக்கு எதிராகக் கிளம்புங்கள் என்று ஃபிரான்சிஸ்கோ மடேரோ அறைகூவல் விட்டார். மடேரோ பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளை. அவருக்கு வேண்டியது நேர்மையான தேர்தல். ஸபாட்டாவுக்கு வேண்டியது நிலம். இரண்டு பேரும் ஒரே கட்சி மாதிரி தெரிந்தது. 1911 மே மாதம் டியாஸ் ராஜினாமா செய்துவிட்டுக் கப்பல் ஏறினார்.

அடுத்த மாதமே மடேரோவும் ஸபாட்டாவும் தலைநகரில் சந்தித்தார்கள். ‘அவசரப்படாதீர்கள், துப்பாக்கிகளை ஒப்படையுங்கள், நிலப் பிரச்னையைச் சட்டப்படி கவனிப்போம்’ என்றார் மடேரோ. அப்போது ஸபாட்டா எழுந்து, மடேரோவின் கோட்டில் தொங்கிய தங்க வாட்ச்சைக் காட்டிக் கேட்டதாக அவருடைய சகாக்களில் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். கையில் துப்பாக்கி இருப்பதால் நான் இந்த வாட்ச்சைப் பிடுங்கிக் கொள்கிறேன், பிறகு உங்கள் கையிலும் துப்பாக்கி இருக்கும்போது சந்திக்கிறோம், திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டா? மடேரோ சொன்னார்: கட்டாயம் உண்டு, நஷ்ட ஈடும் கேட்பேன். ‘எங்களுக்கு நடந்ததும் அதுதான்’ என்றார் ஸபாட்டா.

‘உங்கள் சேவைக்கு ஒரு நல்ல பண்ணையைப் பரிசாகத் தர ஏற்பாடு செய்கிறேன்’ என்று மடேரோ பேச்சை மாற்றிப் பார்த்தார். பண்ணை வாங்கிக் கொள்வதற்காகவா புரட்சி செய்தேன் என்று ஸபாட்டா கடுப்பாகி விட்டாராம்.

மடேரோ ஜனாதிபதியானார். சில வாரங்களுக்குள், 1911 நவம்பர் 28-ந் தேதியிட்டு, ஸபாட்டாவும் ஒட்டிலியோ மொன்டான்யோ என்ற பள்ளிக்கூட வாத்தியாரும் சேர்ந்து ‘ஆயாலா திட்டம்’ என்ற அறிக்கையை வெளியிட்டார்கள். பறித்த நிலங்கள் பத்திரம் உள்ள கிராமங்களுக்குத் திரும்ப வேண்டும், பெரும் பண்ணைகளில் மூன்றில் ஒரு பங்கை நஷ்ட ஈடு கொடுத்து எடுக்க வேண்டும், எதிர்க்கிறவர்களிடமிருந்து மொத்தத்தையும் எடுக்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் கிராமத்தார் நிலத்தில் இறங்கி விடுவார்கள். ‘எனக்குத்தான் சொந்தம்’ என்று நினைக்கிற பண்ணைக்காரர் அப்புறம் கோர்ட்டில் வந்து நிரூபிக்கட்டும்! அதுவரை குடியானவர்தான் கோர்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்த வரிசையையே திருப்பிப் போட்டார்கள்.

*

கல் சுவர் வளைந்தால் கோடும் வளையும்!

1913-ல் மடேரோவை அவருடைய தளபதி உவேர்ட்டாவே கவிழ்த்தார். மடேரோ கொல்லப்பட்டார். அடுத்த வருஷம் உவேர்ட்டாவும் ஓடினார். 1914 டிசம்பரில் வடக்கிலிருந்து பாஞ்ச்சோ வில்லாவும் தெற்கிலிருந்து ஸபாட்டாவும் தலைநகருக்குள் நுழைந்தார்கள். அரண்மனையில் எடுத்த போட்டோ உலகப் பிரசித்தம். ஜனாதிபதி நாற்காலியில் வில்லா சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து நாற்காலியில் ஸபாட்டா, மடியில் தொப்பியோடு, எப்போது ஊருக்குப் போவோம் என்கிற முகத்தோடு. போயும் விட்டார்.

ஊருக்குப் போய் என்ன செய்தார்? 1915-ல் மொரேலோஸில் நிலத்தை அளந்து பிரித்தார்கள். விவசாயக் கல்லூரியில் படித்த இளைஞர்கள் சர்வே கருவிகளோடு வந்தார்கள். அவர்களிடம் ஸபாட்டா சொன்னதன் சாரம் இது: இஞ்சினீயர்களுக்கு நேர்கோடு பிடிக்கும். ஆனால் இந்தக் கல் சுவர்தான் எல்லை என்று ஊரார் சொன்னால், அது எத்தனை வளைந்தாலும் கோடும் கூடவே வளைய வேண்டும். ஆறு மாதம் ஆனாலும் சரி!

நிலச் சீர்திருத்தத்தின் வரலாற்றில் இது ஒரு முக்கியமான இடம். பிரிக்கப்பட வேண்டிய நிலத்தின் எல்லையை யார் சொல்வது, தலைநகரத்து ஆபீஸா, ஊரா? ஸபாட்டாவின் பதில், ஊர். அந்த வருஷம் மொரேலோஸில் கரும்புக்குப் பதில் சோளமும் பீன்ஸும் விளைந்தன. ஜனங்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

ஆனால் சண்டையில் ஜெயித்தது வேறு கோஷ்டி. வெனுஸ்டியானோ கரன்ஸா. இவரும் பண்ணைக்காரர்தான். ஆனால் கெட்டிக்காரர். 1915 ஜனவரி 6-ந் தேதி இவரும் ஒரு நிலச் சட்டம் போட்டார். எதிராளியின் சரக்கைத் தன் கடையில் விற்கிற உத்தி! 1917 பிப்ரவரி 5-ந் தேதி வந்த புதிய அரசியல் சட்டத்தில், அதே சட்டம் 27-வது பிரிவுக்குள் போய் உட்கார்ந்தது. நிலமும் நீரும் அடிப்படையில் தேசத்துக்குச் சொந்தம், பொது நலனுக்காகத் தேசம் அதைப் பிரித்துக் கொடுக்கலாம். ரஷ்யப் புரட்சியே இன்னும் ஜெயிக்காத காலத்தில் இப்படி ஒரு பிரிவு!

எழுதிய கையோடு ஸபாட்டாவையும் தீர்த்துக் கட்டினார்கள். குவஹார்டோ என்ற ராணுவ அதிகாரி, நான் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன் என்று நம்ப வைத்தார். 1919 ஏப்ரல் 10. சினமேக்கா பண்ணை வாசலில் மரியாதை அணிவகுப்பு. எக்காளம் மூன்று முறை ஊதியது. மரியாதைக்கு உயர்ந்த துப்பாக்கிகள் ஸபாட்டாவின் பக்கம் திரும்பின. அந்த அதிகாரிக்குப் பதவி உயர்வும் பணப்பரிசும் கிடைத்தன. ‘செத்தது அவரில்லை, வேறு ஆள், அவர் அரபு நாட்டுக்குப் போய்விட்டார்’ என்று மொரேலோஸ் கிழவர்கள் ரொம்ப நாள் சாதித்தார்கள்.

*

மனுப் போடு, காத்திரு!

ஆக, சட்டம் வந்தாச்சு. இனிமேல் நிலம் கிடைக்க வேண்டியதுதானே? அங்கேதான் சங்கதி.

கிராமம் மனுப் போட வேண்டும். கவர்னர் பார்ப்பார். மாநிலக் கமிஷன் விசாரிக்கும். கவர்னர் தற்காலிகமாகக் கொடுப்பார். தேசியக் கமிஷன் மறுபடி விசாரிக்கும். கடைசியில் ஜனாதிபதி கையெழுத்து. நடுவில் பண்ணைக்காரர் கோர்ட்டுக்குப் போய்த் தடையுத்தரவு வாங்கி விடுவார். மனுப் போட்டவரின் பேரன் காலத்தில் தீர்ப்பு வந்த ஊர்களும் உண்டு. இன்னொரு கூத்தைக் கேளுங்கள். பண்ணைக்குள்ளேயே குடியிருந்த கொத்தடிமைகள் மனுப் போடவே முடியாது! அவர்கள் ‘கிராமம்’ என்ற கணக்கில் வரமாட்டார்களாம். யாருக்கு நிலம் ரொம்ப அவசியமோ அவர்களுக்கு 1934 வரை உரிமை இல்லை.

இதற்கிடையே பண்ணைக்காரர்கள் ‘வெள்ளைக் காவலர்கள்’ என்று கூலிப்படை வைத்திருந்தார்கள். மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவருக்குத் தோட்டா. மிச்சோகான் மாநிலத்தில் ப்ரிமோ டாப்பியா என்பவர், அமெரிக்காவில் கூலி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, விவசாயச் சங்கம் கட்டினார். ஊருக்கு நிலமும் வாங்கிக் கொடுத்தார். 1926-ல் ராணுவத்தினர் அவரைப் பிடித்துக் கொன்றார்கள். மனு எழுதிக் கொடுத்த கிராமத்துப் பள்ளி வாத்தியார்கள் பலர் தாக்கப்பட்டார்கள். காது அறுபட்டவர்களும் உண்டு. அடுத்தவன் நிலத்தைத் தொடுவது பாவம் என்று சில பாதிரியார்கள் பிரசங்கம் செய்தார்கள். ஆனாலும் மனுக்கள் நிற்கவில்லை.

(கொசுறாக ஒரு செய்தி: வார்தாவில் பிறந்து, கதர் கட்சியில் சேர்ந்து, வெள்ளைக்காரனிடமிருந்து தப்பி மெக்ஸிகோ போன பாண்டுரங்க கான்கோஜே அந்த நாட்களில் அங்கே விவசாயக் கல்லூரிப் பேராசிரியர். குடியானவர்களுக்கென்று இலவச விவசாயப் பள்ளிகளும் நடத்தினார். உலகப் புகழ் ஓவியர் டியகோ ரிவேரா தன் சுவரோவியம் ஒன்றில் இவரை வரைந்திருக்கிறார்!)

*

ஒரு டெலிகிராம் போதும்!

1930 வாக்கில் தலைநகரத்துத் தலைவர்களே நிலச் சீர்திருத்தம் தோல்வி, மூட்டை கட்டலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். அப்போதுதான், 1934-ல், லாஸரோ கார்டெனாஸ் ஜனாதிபதியானார். ஊர் ஊராகச் சுற்றியவர். மரத்தடியில் உட்கார்ந்து மனு வாங்கியவர்.

அவரைப் பற்றி மெக்ஸிகோ நகரத்தில் ஒரு ஜோக் உலவியது. காரியதரிசி பைலைப் படிக்கிறார். பேங்க் கையிருப்பு காலி என்றால், ‘நிதி மந்திரியிடம் சொல்லு’ என்கிறார் கார்டெனாஸ். வெளிநாட்டுத் தகராறு என்றால், ‘வெளிவிவகார மந்திரியைப் பார்க்கச் சொல்லு’ என்கிறார். கடைசியில் ஒரு குடியானவரின் டெலிகிராம். சோளம் காய்ந்து போச்சு, கழுதை செத்துப் போச்சு. உடனே கார்டெனாஸ் எழுந்து, ‘ரயிலைத் தயார் பண்ணு, இப்பவே கிளம்பறேன்!’

ஜோக்தான். ஆனால் பாதி நிஜம். 1936-ல் லா லகூனா என்ற பருத்திப் பிரதேசத்தில் கூலிகள் பெரிய வேலை நிறுத்தம் செய்தார்கள். அக்டோபரில் உத்தரவு போட்டார் கார்டெனாஸ். நேரிலும் போனார். இஞ்சினீயர்கள் படையாக இறங்கினார்கள். சில வாரங்களுக்குள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூலிக்காரர்கள் நிலக்காரர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் யூக்கட்டானில் கற்றாழை நார்ப் பண்ணைகள். கிராமத்தாருக்குத் துப்பாக்கியும் கொடுத்தார், கூலிப்படையிடமிருந்து நிலத்தைக் காத்துக் கொள்ளட்டும் என்று. ஆறு வருஷத்தில் சுமார் 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேர், சுமார் 8 லட்சம் பேருக்கு. (ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர்.) 1940-ல் நாட்டின் சாகுபடி நிலத்தில் கிட்டத்தட்ட பாதி விவசாயிகளின் ‘எஹிடோ’க்களிடம் இருந்தது. 1938-ல் அவர் வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனிகளை எடுத்துக்கொண்டபோது, நஷ்ட ஈட்டுப் பணத்துக்கு உதவியாகக் கிராமத்துப் பெண்கள் கோழியைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்!

*

வீடு உனக்கு, சாவி எனக்கு!

எஹிடோ என்றால் என்ன? கிராமத்துக்குப் பொதுவாகக் கொடுத்த நிலம். அதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு. மேய்ச்சலும் காடும் பொது. உழலாம், சாப்பிடலாம், ஒரு வாரிசுக்கு விட்டுப் போகலாம். விற்க முடியாது. அடகு வைக்க முடியாது. குத்தகைக்கு விடக்கூடாது. இரண்டு வருஷம் சும்மா போட்டால் உரிமை போய்விடும்.

இதில் நியாயம் இருக்கிறது. 1856 சட்டத்தில் பட்ட சூடு! விற்கலாம் என்று விட்டிருந்தால் பத்து வருஷத்தில் எல்லாம் வட்டிக்காரர் கைக்குப் போயிருக்கும்.

ஆனால் காமர்ஸ் படித்தவர்களுக்கு அடுத்த கேள்வி உடனே வரும். விதைக்கப் பணம் வேண்டுமே, அடகு வைக்க முடியாத சொத்துக்கு எந்த பேங்க் கடன் கொடுக்கும்? ஒரே ஒரு பேங்க்தான் கொடுக்கும். அரசாங்கம் எஹிடோக்களுக்கென்றே திறந்த பேங்க். எந்தப் பயிர், எந்த உரம், யாரிடம் விற்பது எல்லாம் பேங்க் சொல்லும். கட்சி விசுவாசிக்குக் கடன் சீக்கிரம் வரும். முணுமுணுப்பவருக்கு விதைப்பு முடிந்த பிறகு வரும்! பழைய பண்ணைக் கடையின் பேரேடு இடம் மாறி அரசாங்க பேங்குக்கு வந்துவிட்டது போலத்தான். 1938-ல் தேசிய விவசாயிகள் கூட்டமைப்பு ஆரம்பமானது. அது ஆளும் கட்சியின் ஒரு கிளை. பின்னால் பி.ஆர்.ஐ. என்று பெயர் மாற்றிக்கொண்டு 2000-ம் வருஷம் வரை தொடர்ந்து ஆண்ட கட்சி அது. கிராமத்து ஓட்டு எங்கே போயிற்று என்று கேட்க வேண்டாம்.

தண்ணீர் கதையும் அப்படியே. லா லகூனாவில் பழைய முதலாளி 150 ஹெக்டேரைத் தான் விரும்பிய இடத்தில் வைத்துக் கொள்ளலாம் என்றது சட்டம். அவர் எங்கே வைத்துக் கொள்வார்? கிணறும் மோட்டாரும் இருக்கிற இடத்தில்தானே! காய்ந்த பக்கம் குடியானவருக்கு.

1940-க்குப் பிறகு வந்த ஜனாதிபதிகளுக்கு எஹிடோ மேல் அக்கறை குறைந்தது. 1946-ல் மிகேல் அலெமான் வந்ததும் நில உச்சவரம்பைத் தாராளமாக்கினார். பண்ணைக்காரர்கள் மறுபடி கோர்ட்டுக்குப் போக வழி செய்தார். மனைவி, மச்சான், மைத்துனி பேரில் நிலத்தைப் பிரித்து எழுதும் பினாமி வித்தை அங்கேயும் அமோகமாக நடந்தது. புது அணைகளின் தண்ணீர் வடமேற்கே சொனோராவின் பெரிய தனியார் பண்ணைகளுக்கு ஓடியது. நார்மன் போர்லாக் குட்டைக் கோதுமையை வளர்த்தெடுத்ததும் அந்த வயல்களில்தான். நம் சி.சுப்பிரமணியம் மத்திய விவசாய மந்திரியாக இருந்தபோது, 1966-ல் 18 ஆயிரம் டன் மெக்ஸிகோ விதைக் கோதுமையை இறக்குமதி செய்து பசுமைப் புரட்சிக்குப் பிள்ளையார் சுழி போட்டாரே, அதில் ‘சொனோரா 64’ என்ற ரகத்தின் பெயர் அந்த மாநிலத்தின் பெயர்தான். நம் பஞ்சம் தீர்த்த விதையின் சொந்த நாட்டில், எஹிடோக்காரர் மானாவாரியில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மொரேலோஸில் ரூபென் ஹராமியோ என்று ஒருவர். சின்னப் பையனாக ஸபாட்டா படையில் இருந்தவர். கார்டெனாஸ் கட்டிக் கொடுத்த ஸக்கடெபெக் சர்க்கரை ஆலையில் கூட்டுறவுத் தலைவராக இருந்தார். பெயர் கூட்டுறவு, மேனேஜரை நியமிப்பது அரசாங்கம்! கரும்பு விலைக்காக மேனேஜரோடு மோதினார். உயிருக்கு ஆபத்து வரவே 1943-ல் துப்பாக்கியைத் தூக்கினார். மன்னிப்புக் கிடைத்தது, தேர்தலில் நின்றார், மறுபடி தலைமறைவு, மறுபடி மன்னிப்பு. ஜனாதிபதியே அவரைக் கட்டித் தழுவி போட்டோ எடுத்துக் கொண்டார். 1962 மே 23-ந் தேதி சிப்பாய்கள் வீடு புகுந்து, அவரையும் கர்ப்பிணி மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிப் போய்ச் சுட்டுக் கொன்றார்கள்.

அந்தப் பெட்டியை நினைவில் வைக்கச் சொன்னேனே? அதைக் காத்து வந்த ஃபிராங்கோ 1947-ல் கொல்லப்பட்டார். புரட்சி அரசாங்கம் வந்து முப்பது வருஷம் ஆன பிறகு! காகிதங்கள் மட்டும் தப்பின.

*

அதே தேதி, எதிர்ச் சட்டம்

சண்டையும் பகிர்வும் மாறி மாறி நடந்தன. 1971-ல் பெண்களுக்கும் சம உரிமை வந்தது. (அதுவரை விதவையாகவோ, குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிறவராகவோ இருந்தால்தான் நிலம்.) 1976-ல் எச்செவெரியா பதவியிலிருந்து இறங்குவதற்குச் சில நாள் முன்பு சொனோராவில் பெரும் பண்ணைகளை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். 1982-ல் நாடே கடனில் மூழ்கியது. விவசாயக் கடனும் மானியமும் வற்றின.

1992-ல் கார்லோஸ் சலினாஸ் 27-வது பிரிவையே திருத்தினார். இனி நிலப் பகிர்வு கிடையாது, எஹிடோக்காரர் விரும்பினால் நிலத்தைக் குத்தகைக்கு விடலாம், பத்திரம் வாங்கி விற்கலாம். துண்டு நிலத்தில் முதலீடு வராது, விவசாயியை மைனர் மாதிரி நடத்தாதீர்கள் என்பது அவர் வாதம். அதில் பாதி உண்மையும் இருந்தது. திருத்தம் கெஜட்டில் வந்த தேதி ஜனவரி 6. கரன்ஸாவின் முதல் நிலச் சட்டம் வந்த அதே தேதி, 77 வருஷம் கழித்து!

தெற்குக் கோடியில் சியாபாஸ் மாநிலம். புரட்சியின் காற்று சரியாகவே அடிக்காத இடம். பழங்குடி மக்கள் போட்ட மனுக்கள் வருஷக்கணக்கில் தூங்கிக் கொண்டிருந்தன. ‘இனி பகிர்வு இல்லை’ என்றதும் அந்தக் கதவு மூடியது. 1994 ஜனவரி 1. அமெரிக்காவோடும் கனடாவோடும் தாராள வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்த அதே நாள் விடிகாலையில், முகமூடி போட்ட ஆயிரக்கணக்கான குடியானவர்கள் சான் கிரிஸ்டோபல் முதலிய ஊர்களைப் பிடித்தார்கள். சிலர் கையில் மரத்தில் செதுக்கிய டம்மித் துப்பாக்கி! தங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர், ஸபாட்டிஸ்டாக்கள். பன்னிரண்டு நாளில் சண்டை நிறுத்தம் வந்தது. தொடர்ந்து பல பண்ணை நிலங்களில் விவசாயிகள் இறங்கினார்கள். மனுவால் வராதது இப்படி வந்தது. அதே சமயம், அமெரிக்க சோளம் மலிவாக வந்து குவிந்ததில் லட்சக்கணக்கான குடியானவர்கள் ஊரை விட்டு எல்லை தாண்டிப் போனதும் நடந்தது.

*

விற்றார்களா?

சலினாஸ் சட்டம் வந்தபோது இரண்டு தரப்பும் ஒரே ஜோசியம்தான் சொன்னார்கள்: எஹிடோ நிலமெல்லாம் விலை போய்விடும் என்று. ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார், இன்னொருவர் அழுதுகொண்டு சொன்னார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜோசியம் பொய்த்தது. நகரத்தை ஒட்டியும், கடற்கரைச் சுற்றுலாத் தலங்களிலும் விற்றார்கள். மற்றபடி பெரும்பாலான எஹிடோக்கள் விற்கவில்லை. நாட்டு நிலத்தில் ஏறத்தாழ பாதி இன்றைக்கும் எஹிடோக்களிடமும் பழங்குடிச் சமூகங்களிடமும்தான் இருக்கிறது. பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்தாலும் அப்பா அந்த ரெண்டு ஏக்கரை விடுவதாக இல்லை. லாப நஷ்டக் கணக்கில் இது வராது. ஆனால் பெட்டியைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்த ஜனங்களின் கணக்கே வேறு.

2019-ம் வருஷத்தை, ஸபாட்டா இறந்த நூற்றாண்டு என்று அரசாங்கம் கொண்டாடியது. அரசாங்கக் கடிதத் தாள்களிலெல்லாம் அவர் படம். அதே வருஷம் பிப்ரவரி 20-ந் தேதி, அதே மொரேலோஸில், அனல்மின் நிலையத்தையும் அதற்குத் தண்ணீர் போவதையும் எதிர்த்த சமீர் ஃப்ளோரெஸ் என்ற விவசாயியை அவர் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். நூறு வருஷத்தில் சண்டை நிலத்திலிருந்து தண்ணீருக்கு நகர்ந்திருக்கிறது.

மெக்ஸிகோவில் நிலச் சீர்திருத்தம் தோற்றதா, ஜெயித்ததா? பத்து கோடி ஹெக்டேருக்கு மேல் கைமாறியதை யாரும் தோல்வி என்று சொல்ல முடியாது. கொத்தடிமையின் பேரன் நிமிர்ந்து நடக்கிறான். ஆனால் நிலத்தைக் கொடுத்தவர்கள் தண்ணீரையும் கடனையும் விலையையும் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். அந்த நாலும் ஒரே கையில் சேராதவரை நிலம் என்பது கொஞ்சம் பெரிய பூந்தொட்டிதான்.